கழுத்துப் பட்டை

ரப்பரைத் தொடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் அது கெட்டுப்போகும். பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஒட்டுப்போடுவதுதான் என் வேலை. பெல்ட் அறுந்தால் ஷிப்டே நிற்கும். நான் போட்ட ஒட்டு எதுவும் விட்டதில்லை.

அந்த முக்குளிப்பு உடையைக் கடலூர் முதுநகரில், பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். டிரை சூட் என்பார்கள். கால் முதல் கழுத்துவரை ஒரே உடுப்பு. தண்ணீருக்குள் இறங்கினாலும் உள்ளே இருப்பவன் நனையமாட்டான். யாரும் ஒருமுறைகூடப் போடாதது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இருந்த ரப்பர் பட்டைகள் மட்டும் பிசுபிசுத்துப் போயிருந்தன.

"பனியனே பாரமா இருக்கிற வெயில்ல ரப்பர் சட்டையா? மாட்டிக்கிட்டு எங்க போறதா உத்தேசம்?" என்றாள் என் மனைவி தமயந்தி.

நான் எனக்காக வாங்கவில்லை. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில், எங்கள் தெருவில் செல்வகுமார் இருந்தான். ராஜாங்கம் என்ற தனியார் ஒப்பந்தக்காரரிடம் வேலை. குட்டைகளில் மூழ்கி, பம்பின் வாயை அடைக்கும் சேற்றை அள்ளுவான். மேலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கவ்விக்கொள்வான். அழுக்குத் தண்ணீரில் ஊறி உடம்பெல்லாம் புண். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்பின் பித்தளைப் பற்களைத் தேய்த்து மெழுகு போட்டேன். முழங்காலில் இருந்த வெடிப்பை ஒட்டினேன். பட்டைகளைப் பைக் டியூபில் வெட்டிப் பொருத்தினேன். ராஜாங்கத்தின் கொல்லைக் கிணற்றில் சோதித்தோம். கழுத்தில் ஒழுகியது. செல்வகுமார் இரண்டு கால்களிலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு படியேறி வந்தான்.

"உள்ள ஒரு மோட்டார வெச்சிக் குடுத்தீங்கன்னா, ரெண்டு ஏக்கர் பாய்ச்சிப்புடலாம் சார்," என்றான்.

"சோளக்கொல்ல பொம்மைக்கு மாட்டி வுடுங்க சார். காக்காவாச்சும் பயப்படும்," என்றார் ராஜாங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வகுமார்தான் அதிகம் சிரித்தான். யாருக்காக வாங்கினேனோ அவன். அதன்பிறகு டீக்கடையில் எனக்கு மோட்டார் சார் என்று பெயர்.

மறுபடி சோதிக்க வேண்டும் என்று ராஜாங்கத்திடம் கேட்டேன். சுரங்கத்தில் பெர்மனென்டாக இருந்தவன், ஒரு கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"இதான் கடைசி. இதுலயும் ஒழுகிச்சின்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார்.

லாரி டியூபை இரட்டையாக ஒட்டி, வாயைச் சிறிதாக்கிப் புதிய கழுத்துப் பட்டை செய்தேன். பெல்ட் தளர்ந்து விபத்து நடந்து பார்த்திருக்கிறேன். இறுக்கத்தால் விபத்து நடந்து பார்த்ததில்லை. தமயந்தி கோயிலுக்குப் போனபோது நானே போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. விழித்தபோது கன்னம் தரையில் இருந்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி இருட்டியது. உட்கார்ந்து கழற்றினேன்.

விரல் அகலம் வெட்டியிருந்தால் போதும். வெட்டவில்லை. வெட்டி ஒழுகினால், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"கழுத்த நெரிச்சிக்கினே இருக்குதுங்க சார். கண்ணு ஒரு மாதிரியா வருது," என்றான் செல்வகுமார், கிணற்றுப் படியில் நின்று.

"தண்ணில எளகிடும்பா."

இளகாது. ரப்பர்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் நம்பினான். இடுப்பில் இரும்பு எடையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிறு என் கையில். ஒருமுறை இழுத்தால் எல்லாம் சரி. விடாமல் இழுத்தால் தூக்க வேண்டும். இது அவர்கள் வழக்கம்.

இறங்கிய சற்று நேரத்தில் விடாமல் இழுத்தான்.

"இன்னா சார், சிக்னல் குடுக்கிறானா?" என்றார் ராஜாங்கம்.

"நல்லா இருக்கேன்னு சொல்றான்," என்றேன்.

அப்போது தூக்கினால் சோதனை பாதியில் நின்றிருக்கும். அவர்கள் மறுபடி சிரித்திருப்பார்கள். கயிறு இன்னும் சிலமுறை இழுத்தது. பிறகு நின்றது. பட்டை பழகிவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்கிறேன். மேலும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

தூக்கியபோது காற்றுக் குழாய் அவன் வாயில் இல்லை. ராஜாங்கம் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நெஞ்சை அழுத்தினார். செல்வகுமாரின் மனைவி புவனா வரப்பில் விழுந்து எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். நான் குனிந்து ஜிப்பைத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். அவன் சட்டை காய்ந்திருந்தது.

"ஒழுகல," என்றேன். யாரும் கேட்கவில்லை. புவனா வந்ததும் அவளிடமும் சொன்னேன்.