குழுப் படத்துக்கு வெளியே நின்றவர்

மேடையில் வீற்றிருக்கும் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் சக கலைஞர்களே, அண்ணி அவர்களே! மறைந்த அண்ணனின் ஸ்டூடியோவில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படங்களைத் திருத்திவந்தவள் நான். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். போதும்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் "நம்மில் ஒருவர்", "நம் குடும்பத்தில் ஒருவர்" என்றீர்கள். ஆகா! காது குளிர்ந்தது. சங்கத்தின் ஆண்டுவிழாப் படங்கள் இந்தச் சுவர் முழுக்கத் தொங்குகின்றனவே, கடைசிப் படத்தைத் தவிர ஒன்றிலாவது அண்ணன் இருக்கிறாரா? ஏன் இல்லை? "உங்க கை யாருக்குண்ணே வரும்? நீங்களே எடுத்துடுங்க." வருடா வருடம் இதே பாட்டு! மண்டபம் நிறைய கேமராக்காரர்கள். ஒருவரிடமும் ஸ்டாண்டு இல்லையா? டைமர் இல்லையா? எல்லாம் இருந்தன. அவர் பக்கத்தில் நிற்கத்தான் உங்களுக்குக் கூசியது.

அவருக்கு சொரியாசிஸ். முழங்கையிலும் நெற்றியோரத்திலும் சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளைச் செதில். கறுப்புச் சட்டை போட்டால் தோளில் உதிரும். அதற்காக அவருக்குச் சூட்டிய பட்டம் 'தேங்காய்ப்பூ'. குனியாதீர்கள் தலைவர் அவர்களே, சூட்டியவர் நீங்கள்தான்!

தோல் மருத்துவர் என்னிடமே சொன்னார்: "இது தொத்தாதும்மா. உடம்போட காவலே குழம்பிப்போய், ஒரு மாசத்துல வளர வேண்டிய தோலை நாலே நாள்ல வெளியே தள்ளுது. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம்." அண்ணன் அடக்கித்தான் வைத்திருந்தார். களிம்பு, மாத்திரை, ஒளிச் சிகிச்சை. "பொழப்பும் வெளிச்சம், வைத்தியமும் வெளிச்சம். கரண்ட் போனா நான் காலி" என்று சிரிப்பார். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு வெள்ளிவிழா வந்தது. தலைவர் பெரிய மனது பண்ணி ஸ்டூடியோவுக்கே எழுந்தருளினார். "அண்ணே, இந்தத் தடவை நீங்களும் நிக்கணும். எனக்குத் தெரிஞ்ச வைத்தியர் ஒரு பொடி தர்றார். ஒரே வாரம், தோல் பளிங்கு மாதிரி ஆயிடும்."

"என்ன பொடின்னே தெரியாம சாப்பிடாதீங்க, டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க" என்று அண்ணி கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை நடுவுல நின்னுக்கிறேனே" என்றார் அவர். மருத்துவரின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைச் சாப்பிட்டார்.

தோல் துடைத்துவிட்டதுபோல ஆனது! நடுவில் நிறுத்திக் கைதட்டினீர்கள். படம் திருத்த என்னிடம் வந்தது. அவர் முகத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை, தொட வேலையே இருக்கவில்லை.

விழா முடிந்தது, பொடியும் தீர்ந்தது. தலைவர் போனை எடுக்கவில்லை. சில நாளில் அண்ணனுக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளங்கள் பொரிந்து, காய்ச்சலில் தூக்கிப்போட்டது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது, அது சட்டென்று நின்றதும் நோய் பல மடங்காகத் திரும்பிவிட்டது என்றார் மருத்துவர். புண்பட்ட தோல் வழியே கிருமி இரத்தத்தில் ஏறி உயிரைக் குடித்தது. மருத்துவமனையில் கிடந்தபோது பார்க்க எத்தனை பேர் வந்தீர்கள்? தலைவர் பழக்கூடை கொண்டுவந்தார், அதையும் வாசல் காவலாளியிடமே கொடுத்துவிட்டுப் போனார்!

படுக்கையில் கிடந்தவர் என்னைக் கேமரா கொண்டுவரச் சொன்னார். "என்னை எடும்மா. எதையும் அழிச்சிடாதே." எடுத்தேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அடுத்த ஆண்டுப் படத்தை நான் எடுப்பேன், டைமர் வைத்து, ஒருவரையும் வெளியே நிறுத்தாமல். சொரியாசிஸ் வந்தவர் யாராயிருந்தாலும் கையைப் பிடித்து அந்த மருத்துவரிடம் கூட்டிப்போவேன்.

மேடையில் நீங்கள் வைத்திருக்கும் வெள்ளிவிழாப் பளிங்கு முகப் படத்தை எடுத்துவிட்டு, மருத்துவமனையில் எடுத்ததை வைக்கிறேன். அண்ணியின் சம்மதத்தோடுதான். அஞ்சலி செலுத்த வாருங்கள், தலைவர் அவர்களே, முதலில் நீங்கள். ஏன் அங்கேயே நின்றுவிட்டீர்கள்? இன்னும் கிட்ட வாருங்கள். வெறும் படம்தான், தொற்றாது.