மூன்றாம் மாடி, இடது பக்கம்

இரவு இரண்டரை மணி. கால்வாயைத் தாண்டி, பழைய நூல் ஆலைக்குப் பின்னால் போகும் அந்தக் கல் பாவிய தெரு. கடைசி டிராம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கச் சாரம் கட்டி வலை போர்த்திய வீடுகள்... காற்று அடித்தால் வலை உப்பும், பிறகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் வேலை முடிந்து சாரத்தைப் பிரித்திருந்தார்கள். அந்த வீட்டு மாடிப்படியில் யாரோ ஈரத்துணி பிழிகிற சத்தம்.

நான் இவ்வளவுதான் சொல்லியிருந்தேன். ஹென்ரிக் அதற்குள் நாற்காலியை நெருப்புப் பக்கம் இழுத்துக்கொண்டான். எங்கள் முற்றத்தில் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் நெருப்பு மூட்டி நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், அச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஹென்ரிக், அவன் மனைவி யூட்டா, அப்புறம் என்னோடு குடியிருக்கும் இனெஸ்.

"இது நிஜமா நடந்ததா, இல்ல நீ கட்டுறதா?" என்றான் ஹென்ரிக்.

"இனெஸோட சித்தி பொண்ணு டோரீனுக்கு நடந்தது. அவளையே கேளு."

இனெஸ் பீர்ப் புட்டியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நீயே சொல்லு. தப்பா சொன்னா நான் நிறுத்துறேன்."

டோரீன் அந்த வீட்டுக்குக் காவலாகக் குடிவந்தவள். லைப்சிக் நகரின் இந்தப் பக்கத்தில் எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம். இடிந்துவிழக் காத்திருக்கும் வீடு. வாடகை கிடையாது. கூரை ஒழுகினால் வாளி வை, குழாய் உறையாமல் அடுப்பை மூட்டு, ஆள் இருக்கிறது என்று தெரிய விளக்கைப் போடு... அவ்வளவுதான் ஒப்பந்தம். டோரீன் களிமண்ணில் பாத்திரம் செய்பவள். முதல் மாடியில் வலது பக்கம் இடம்பிடித்தாள். பிறகு தெருவில் ஒரு ஓவியக்கூடம் வந்தது, காப்பிக்கடை வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் படம்பிடிக்கிற கூட்டம் வந்தது. கடைசியில் வீடு வாங்குகிறவர்கள் வந்தார்கள். நாங்கள் போட்டுவைத்த விளக்கைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அந்த வீட்டில் முறையான குடித்தனக்காரர் என்று மிஞ்சியிருந்தது ஒரே ஒருவர். மூன்றாம் மாடி, இடது பக்கம். வுட்கே அம்மா. எண்பத்தோரு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான்.

அந்த அம்மாவின் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். 'இந்த வாரம் படிக்கட்டு உங்கள் முறை.' அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். முறை வந்தவர் படியைக் கழுவிவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். பேச்சு கிடையாது, தட்டுவது கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் தொங்கும்... உன் முறை. அந்த வீடு காலியாகக் காலியாகப் பலகை வேகமாகச் சுற்றி வந்தது. கடைசியில் வுட்கே அம்மாவுக்கும் டோரீனுக்கும் நடுவே மட்டும் ஏறி இறங்கியது.

"எங்க அம்மா வீட்லயும் இருந்துச்சு," என்றாள் யூட்டா. "நான் ஒரு வாரம் ஏமாத்திட்டேன்னு மேல்வீட்டுக்காரி ஆறு மாசம் பேசல."

"நீ ஏமாத்தினது ஒரு வாரமா?" என்றான் ஹென்ரிக். "பதினஞ்சு வருஷமா நம்ம வீட்ல யாரு கழுவுறா?"

"வாய மூடிட்டுக் கதையக் கேளு."

டோரீன் அந்த அம்மாவுக்கு நிலவறையிலிருந்து கரி சுமந்து மேலே கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த அம்மா பாலாடைக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, தட்டால் மூடி, கீழே கொண்டுவந்து வைப்பார். நாலு குளிர்காலம் இப்படிப் போனது.

பிறகு, வீட்டை வாங்கியவரின் ஆள் ஒருத்தர் வந்தார். நல்ல மனிதர்தான், குரலே உயராது. டோரீனைக் காப்பிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். மேலே இருக்கிற அம்மாவின் பழைய ஒப்பந்தம் இருக்கும்வரை வேலை தொடங்க முடியாது. அவர் நீங்கள் சொன்னால் கேட்பார். இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால், முதல் மாடி வலது பக்கம் உங்களுக்கே. பழைய வாடகை, பத்து வருடம்.

டோரீனுக்கு அப்போது நாற்பது வயது. அதுவரை எட்டு வீடு மாறியிருந்தாள். சூளையை எட்டு முறை கழற்றி மாட்டியிருந்தாள்... இதை நான் நியாயப்படுத்தச் சொல்லவில்லை. இந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் யாரிடம் கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். என் பதிலும் எனக்குத் தெரியும்.

டோரீன் அந்த அம்மாவின் அடுப்படி மேசையில் காகிதங்களை வைத்தாள். வுட்கே அம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது.

"நீயே படி, பொண்ணே. உன் வாயால கேட்டா போதும்."

டோரீன் படித்தாள். பழுதுபார்க்கும் காலத்துக்கு மாற்று இடம்... சாமான் ஏற்றும் செலவு அவர்களுடையது... ஐந்தாம் பக்கம் முடிந்ததும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு தாளைத் திருப்பினாள். திரும்பிவரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்த பக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டாள்.

"அப்ப எப்ப திரும்பி வரலாம்?"

"வசந்தத்துல, வுட்கே அம்மா."

"என் முறை? படி?"

"அதுவரைக்கும் நான் செய்றேன்."

"மறந்துடாத. இத்தனை வருஷத்துல ஒருவாட்டி தவறினதில்ல நான். வெளிய போன்னு சொல்ல ஒருத்தனுக்கும் காரணம் குடுத்ததில்ல." சொல்லிவிட்டு, டோரீன் விரல் வைத்த இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் நகரத்து விளிம்பில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். டோரீன் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனாள். அந்த அம்மா பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பாத்திரம் பண்டமெல்லாம் செய்தித்தாளில் சுற்றியபடி கட்டிலுக்கு அடியில். எப்ப வரலாம் என்று கேட்டார். வசந்தத்தில் என்றாள் மறுபடியும். பிறகு போகவில்லை. போக முடியவில்லை என்று இனெஸிடம் சொன்னாளாம். பிப்ரவரியில் அந்த அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, முடிவெட்டும் கடையில்தான் டோரீனுக்கே தெரிந்தது.

"முடி பாதி வெட்டியிருந்துச்சு," என்றாள் இனெஸ். "அப்படியே எந்திரிச்சு வந்துட்டா."

வீடு அதற்குள் ஆளே மாறியிருந்தது. மேல்மாடியையும் பரணையும் சேர்த்து ஒரே வீடாக்கிவிட்டார்கள். இடது பக்கக் கதவு இருந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளைச் சுவர். படிக்கட்டு மரத்தை இழைத்து எண்ணெய் பூசி... படியைப் பெருக்கச் செவ்வாய்க்கிழமை ஒரு நிறுவனத்து ஆட்கள் வருவார்கள். அந்த மரப்பலகையை மட்டும், வீட்டின் வரலாறாம், கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாசலில் மாட்டியிருந்தார்கள்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. இரண்டரை மணி. டோரீனுக்கு விழிப்பு வந்தது. மேலே எங்கோ வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். வாளியின் கம்பிக் கைப்பிடி சரிந்து பக்கத்தில் மோதியது... கிணுங். பிறகு துணி... சளக். பிழிகிற தண்ணீர். ஒரு முழங்கால் நெட்டி முறிகிற சத்தம். அடுத்த படி.

கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. மஞ்சள் சோப்பு. அதோடு கரிப்புகை... அந்த வீட்டில் கரி அடுப்பே இல்லை, எல்லாவற்றையும் இடித்தாகிவிட்டது.

காலையில் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிவரை படி ஈரம். மேல்வீட்டு வழக்கறிஞர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ராத்திரி ரெண்டரைக்கு யாருங்க படி கழுவுறது? எண்ணெய் பூசின மரம். தண்ணி படக்கூடாதுங்க. உங்களுக்குப் பழைய பழக்கம்னு தெரியும், ஆனா..."

"நான் இல்லைங்க," என்றாள் டோரீன்.

அடுத்த வெள்ளி, அதே நேரம். அதே சத்தம் இன்னும் கீழே. அதற்கடுத்த வெள்ளி, அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம்... வயதானவர் மூச்சு. கைப்பிடியில் ஏதோ உரசியது. பிறகு ஒன்றும் இல்லை.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். பலகை தொங்கியது. கயிறு ஈரம்.

நுழைவாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. திருகாணி நாலும் இறுக்கமாக இருந்தன. சட்டத்துக்குள் பலகை இருந்த இடத்தில் அதன் அளவுக்கு வெளிறிய கட்டம் மட்டும்.

யூட்டா ஹென்ரிக்கின் கையைப் பிடித்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்கள். டோரீன் கடைக்குப் போய் ஒரு வாளியும் துணியும் மஞ்சள் சோப்பும் வாங்கிவந்தாள். அந்த வாரம் முழுக்க ஒரே வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாளாம். 'ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிட்டேன், வுட்கே அம்மா. தெரிஞ்சேதான் திருப்பினேன்.' பாத்திரம் வனையும்போது, பல் தேய்க்கும்போது, டிராமில். இதைச் சொல்லிவிட்டால் போதும். மன்னிக்கவே வேண்டாம், காதில் விழுந்தால் போதும். அந்த அம்மாவும் போய்விடுவார், தானும் தூங்கலாம்.

ஏப்ரல் பத்தாம் தேதிக்கு மேல் ஒரு வெள்ளி. வெளியே மரமெல்லாம் பூத்திருந்தது. இரண்டரைக்கு மூன்றாம் மாடிக்குப் போனாள். அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு முதல் படியைத் துடைத்தாள். படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடம்தான் எரியும், தானாக அணையும். நாலு படி இறங்கியதும்... டக். இருட்டு.

எழுந்து பொத்தானை அமுக்கப் போனாள். அதற்குள் இரண்டு படி மேலே... சளக்.

அவள் அமுக்கவில்லை. அங்கேயே மண்டியிட்டுத் துடைத்தாள். மேலே அந்தத் துணி, கீழே இவள் துணி. ஒன்று மாற்றி ஒன்று. முதல் மாடிவரை இருவரும் இறங்கி வந்தார்கள். கரிப்புகை வாசனை முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. கடைசிப் படியில் டோரீன் துணியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"டோரீன்தானே?"

அதே குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியபடி.

"அடுப்படிச் சுவர் காஞ்சுடுச்சா? பாத்திரத்தை எல்லாம் இன்னும் பிரிக்காம வெச்சிருக்கேன். ரெண்டு தடவை வேலை வேண்டாம்னு... எப்ப வரலாம்னு சொன்னாங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை என்றாளாம் டோரீன். அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வீடு போனதும் தெரியாது. தான் போனதும் தெரியாது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டைவரை வந்தது... அதைச் சொன்னால் இந்த இருட்டில் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தாள்.

"வசந்தத்துல, வுட்கே அம்மா."

வாளியைத் தூக்குகிற சத்தம்.

"சரி. அதுவரைக்கும் என் முறைய நானே செஞ்சுக்கறேன். நீ பாவம், வேலைக்குப் போற பொண்ணு. தூங்கு போ."

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. "அப்புறம்?" என்றாள் யூட்டா மெல்ல.

"ஒவ்வொரு வெள்ளியும்," என்றேன். "இப்ப அக்டோபர். இன்னும் அதே கேள்வி, அதே பதில். எங்க கூட வந்து இருன்னு இனெஸ் எவ்வளவோ கூப்பிட்டுட்டா."

"வரமாட்டேங்கறா," என்றாள் இனெஸ். "நான் போயிட்டா அவங்க கேட்கும்போது யாரு பதில் சொல்றதுன்னு கேக்கறா." புட்டியைத் தரையில் வைத்தாள். என்னைக் காட்டினாள். "இதுவரைக்கும்தான் இவளுக்குத் தெரியும். மிச்சத்தை நான் யார்கிட்டயும் சொல்லல."

நான் அவளைப் பார்த்தேன்.

"போன வெள்ளி நான் அங்க தங்கினேன். அவளைத் தனியா விட மனசில்லாம. ரெண்டரைக்கு எந்திரிச்சு வெளிய போனா. நான் கட்டில்லயே கிடந்தேன். துணிச் சத்தம் இறங்கி வந்துச்சு. கிழவி கேட்டாங்க. இவ வசந்தத்துலன்னா. எல்லாம் நீ சொன்ன மாதிரிதான். முடிஞ்சுதுன்னு நினைச்சேன்... அப்ப ஒரு ஆம்பளை இருமினாரு."

ஹென்ரிக் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"ரொம்பப் பணிவான குரல். 'பதினாலாம் நம்பருங்க, பின்கட்டு. இங்க ஒரு அம்மா பதில் சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வீடு எப்ப முடியும்?' டோரீன் அந்த ஆளைப் பாத்ததே இல்ல. பதினாலாம் நம்பரை இடிச்சு வருஷம் ஆறு ஆச்சு. அவருக்கும் அதையே சொன்னா. உடனே கீழ, படி நெடுக, வாளிகளைத் தரையில வைக்கற சத்தம். ஒண்ணு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. அப்படியே வாசல் வரைக்கும். நான் எண்ணினேன். பத்தொன்பதுக்கு மேல எண்ண முடியல, காதைப் பொத்திக்கிட்டேன்."

இனெஸ் இரண்டு கையையும் நெருப்புக்கு நேராக நீட்டினாள்.

"அதுக்கப்புறம் விடியற வரைக்கும் ஆள் வர வர தெருக்கதவு மூடவே இல்ல."