கசியாத சைலன்சர்

துருப்பிடித்த சைலன்சரை வீட்டிலேயே மாற்றிவிடலாம். அதற்குத் தலையில் கொம்பு முளைத்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், சட்டை அழுக்கானால் பரவாயில்லை என்ற மனசு வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே துருவைத் தளர்த்தும் எண்ணெயை நட்டுகளில் அடித்து ஊறவிட வேண்டும். ஊறவிடாமல் ஸ்பானரைப் போட்டு மல்லுக்கட்டுகிறவன் போல்ட்டை முறித்துக்கொண்டு முழிப்பான். உலகத்தில் பெரும்பாலானவர்கள் அந்த ரகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சற்று முன் இந்த ஸ்டேஷனில் நீங்கள் என் தோளில் தட்டி, "நல்லது செய்யப் போய் இப்படி ஆயிடுச்சு. தெரியாத வேலைல கை வெச்சிட்டீங்க. போங்க பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். என் தங்கை கணவர் காருக்குள்ளேயே செத்துப்போனது விபத்து. நான் அரைகுறையாக மாட்டிய சைலன்சர் கசிந்ததுதான் காரணம். இப்படி முடிவுகட்டிவிட்டீர்கள். வாயை மூடிக்கொண்டு எழுந்து போனால் மதியச் சாப்பாடு எனக்கு வீட்டில்தான். அது தெரிந்தும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சைலன்சர் கசியவில்லை, சார்.

உங்கள் பரிசோதகர் வண்டிக்கு அடியில் படுக்கவே இல்லை. பேண்ட் அழுக்காகிவிடும் என்று குனிந்து டார்ச் அடித்தார், வண்டியின் அடித்தகட்டில் கரி படிந்திருப்பதைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அது பழைய சைலன்சர் துப்பிய கரி. புதிய இணைப்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்திருந்தால் விரல் சுத்தமாக வந்திருக்கும். அந்த விரலுக்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் தையல் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். நூறு இயந்திரம் ஓடும் கூடத்தில் எதில் ஊசி உரசுகிறது என்று வாசலில் நின்றே சொல்லுவேன். எனக்குக் குடும்பம் இல்லை. தங்கை வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அவள் கீழே முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவள் இயந்திரத்துக்கும் நான்தான் எண்ணெய் விடுகிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், யார் மனதையும் நோகடிக்க மாட்டார். ஐஸ் ஆலையில் விடிகாலை வேலை. அவருடைய குறையெல்லாம் சின்னச் சின்னது. ஈரக் கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் போடுவார். பாட்டில் மூடியை ஏனோதானோ என்று வைப்பார், திருக மாட்டார். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்தால் தூங்குவார், சாய்ந்தால் குறட்டை. எங்கள் சொந்தத்தில் அவருக்குப் பெயரே தூங்குமூஞ்சி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார், ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி.

ஒருநாள் நான் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது, "மச்சான் உள்ள வந்தா குழாய்கூட மூச்சு விடாம நிக்குது" என்றார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சின்ன வயதிலிருந்து அவளை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. நானும் சிரித்து வைத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை அன்றே மறந்துவிட்டேன். அன்று தங்கை பச்சைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

காருக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னால் ஷெட். மதியம் வேலை முடிந்து வருவார், வண்டியை உள்ளே விடுவார். வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது என்று ஷட்டரை இழுத்து மூடிவிட்டு மறுபடி வண்டிக்குள் போய் உட்காருவார். ஏசி குளுகுளுவென்று இருக்கும், ரேடியோவில் பாட்டு பாதியில் இருக்கும். பாட்டு முடிந்ததும் இறங்கலாம் என்று நினைப்பார், பாட்டுக்கு முன்னால் அவர் முடிந்துவிடுவார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய சைலன்சர் ஓட்டையாகி, வண்டி நின்ற இடத்திலேயே தகரக் கொட்டகை இடிகிற மாதிரி சத்தம் போடும். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். ஆனால் தங்கைக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. சத்தம் வந்து நின்றுவிட்டால் தட்டு எடுத்து வைப்பாள். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், தையலை விட்டுவிட்டு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கி, கண்ணாடியைத் தட்டி எழுப்புவாள். வாரத்தில் பாதி நாள் இந்தக் கூத்துதான்.

புது சைலன்சர் மாட்டித் தருகிறேன் என்று நான் சொன்னதும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வேணாம் அண்ணா. சத்தம் இருக்கட்டும். அது நிக்கலைன்னாதானே அவர் தூங்கிட்டார்னு எனக்குத் தெரியுது?"

"தெருவே காதைப் பொத்துதும்மா. உனக்கும் தலைவலி."

"தலைவலி பரவால்ல. மூடின ஷெட்டு, அந்தப் புகைல மூச்சு முட்டிச் செத்துப்போவாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

அதற்கு முன் நான் சைலன்சரை வெறும் சைலன்சராகத்தான் நினைத்திருந்தேன். அவள்தான் விளக்கினாள். ஒரு மனிதன் உயிரோடு இருப்பது ஓர் ஓட்டைத் தகரத்தின் தயவில் என்றால், அது எவ்வளவு கேவலமான வாழ்க்கை என்று யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து, அடியில் படுத்தேன். தொங்கவிடும் ரப்பர் வளையங்களில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினேன், வழுக்கிக்கொண்டு கழன்றன. இணைப்பு முகத்தைப் பளபளவென்று தேய்த்து, புது கேஸ்கட் வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒரே சீராக முறுக்கினேன். மாப்பிள்ளை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கலக்குறீங்க மச்சான்" என்றார். பிறகு தூங்கிவிட்டார். இன்ஜினை ஓடவிட்டு, இணைப்பு முழுக்கச் சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை. டீச்சர் வெளியே வந்து கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்.

தங்கை அவரிடம் சத்தியம் வாங்கினாள், உள்ளே வந்ததும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று. அவரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனாலும் அவர் வரும் நேரத்தில் அவளே போய் ஷெட்டை எட்டிப் பார்ப்பாள். தையல் பின்தங்கியது. என் விடுமுறை நாள் வந்ததும், "நீ தைம்மா. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வார்த்தை என்றால் அவளுக்கு வேதவாக்கு.

அவர் வந்தார். ஷட்டர் இறங்கியது. நான் ஷெட் சுவரோரமாக நின்று கேட்டேன். இன்ஜின் சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை. என் காதுக்கே கேட்கவில்லை, சார். ஷட்டரில் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய அதிர்வு இருந்தது. பாட்டு கேட்டது, முடிந்தது, வேறொன்று ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டு உள்ளே போனேன்.

"அவர் வந்துட்டாரா அண்ணா?" என்று முன்னறையிலிருந்து கேட்டாள்.

"இன்னும் காணோமேம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, போன் எடுக்க மாட்டேன் என்கிறார் என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், தொந்தரவு பண்ணாதே என்றேன். அவள் சாப்பாட்டை மறுபடி சூடு பண்ணினாள். நான் அவள் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். சாயங்காலம் நூல் எடுக்க ஷெட்டுக்குப் போனவள்தான் பார்த்தாள்.

புகை போக வேண்டிய குழாயின் கடைசி வரை போய், அங்கிருந்துதான் வெளியேறியது. அதற்குப் பிறகு அது ஷெட்டை விட்டுப் போக வழி இல்லாதது என் வேலையில் சேராது.

நேற்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ வேணும்னா செஞ்ச? எங்களுக்காகத்தானே செஞ்ச. உனக்குப் பழக்கமில்லாத வேலை, எங்கேயோ சரியா மாட்டல. விடு அண்ணா, நான் உன்னைத் தப்பா நினைக்கல" என்றாள். சரியாக மாட்டவில்லையாம். என்னை மன்னித்துவிட்டாளாம். ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

ஆகவே கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு ஆளை அனுப்பி, சோப்பு நுரை பூசி அந்த இணைப்பைப் பாருங்கள். பார்த்துவிட்டு என் தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று. அது தெரிந்தால் அவள் மனசு ஆறிவிடும்.