ஒன்றுவிட்டு ஒன்று

எங்கள் ஆய்வகத்து நாற்காலியைவிட உங்கள் காவல் நிலையத்து நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வேலை மாயமந்திரமல்ல. ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி மங்கும். ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் என்று எண்ணினால் அதுதான் அந்தக் கிரகத்தின் ஆண்டு. இருபது வருடமாக எண்ணுகிறேன். எங்கள் குழுவுக்கு அவள் வந்து மூன்றே வருடம். ஆனாலும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "அண்ணா, உங்க கணக்குல ஒரு நாள் இடிக்குதே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவளே ஒரு கிரகத்தைப் பிடித்தாள். நிரந்தர வேலைக்கு அவளிடமிருந்த ஒரே துருப்புச் சீட்டு அது. பதிவுகளைச் சுத்தம் செய்ய என்னைத்தான் தன் கணினியில் உட்காரவைத்தாள். பன்னிரண்டு மங்கல்கள், பதினொரு நாளுக்கு ஒன்று. கருவி அதிர்ந்ததால் வந்த பொய் மங்கல்கள் என்று சொல்லி, ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறை நீக்கினேன். பதினொன்று இருபத்திரண்டானது.

"ஆறுமே கருவி அதிர்வா?"

"நான் பாத்துட்டேம்மா."

"நீங்க பாத்தா சரிதாண்ணா."

அது சூடு குறைந்த சின்ன நட்சத்திரம்; இருபத்திரண்டு நாள் என்றால் கிரகம் தள்ளி நிற்கிறது, வறுபடாது, தண்ணீர்கூட இருக்கலாம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு வந்தவர்போல, 'இரண்டாம் பூமி' என்று நிருபர்களிடம் முழங்கினார். மறுநாள் போட்டி ஆய்வகத்துக்குப் பெயரில்லாமல் ஒரு வரி எழுதினேன்: இடையில் பதினோராம் நாளும் பாருங்கள். பார்த்தார்கள். மங்கியது.

இயக்குநர் பழியை அவள் தலையில் கட்டினார். விசாரணைக் குழுவில் மூவர், நானும் ஒருவன்.

"நீங்கதானே அதிர்வுன்னு சொன்னீங்க? சொல்லுங்கண்ணா."

"ஞாபகம் இல்லையேம்மா."

வேலை போயிற்று. எட்டாம் நாள் அவள் அறைக் கதவை உடைக்கவேண்டியிருந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரை கூட நின்னது நீங்க ஒருத்தர்தான் தம்பி" என்று அழுதார். நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் வாதாடுவது பண்பல்ல.

சரியான கணக்கைப் போன மாதம் நானே வெளியிட்டேன். அறிவியலுக்குச் செய்யவேண்டிய கடமை அல்லவா?

அவள் இருக்கையில் நான் அழித்துக்கொண்டிருப்பதைக் கேமராப் பதிவில் காட்டினீர்கள். ஆமாம், நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைப்பட அவளிடம் என்ன இருந்தது? ஒரே ஒரு கிரகம். அதுவும் இப்போது என் பெயரில் இருக்கிறது.