எஸ் அமுக்கினால் திரை ஒருமுறை சிமிட்டும்

கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அமுக்குவது சுண்டுவிரலுக்கு ஆகாத வேலை. நாள் முழுக்க அமுக்கினால், சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி தனியாக விறைத்து நிற்கும். அதனால் முதலில் அதைத்தான் மாற்றினேன். பி-க்குப் பதில் ஏ. இதில் குற்றம் ஒன்றும் இல்லை, சார். டீமக்ஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் செய்வதுதான்.

“டீமக்ஸ்னா இன்னாய்யா?” என்று நேற்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். ஒரே கறுப்புத் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துத் தரும் மென்பொருள். பாகூர் ரோட்டில் எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு கட்டத்தில் கம்ப்ரசர் ஓடுவது தெரியும். ஒன்றில் தண்ணீரின் குளிர். ஒன்றில் காற்றில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்ற எண்; ஐஸ் உறையவைக்கும் அந்த வாயு கசிந்து எண் முந்நூறைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரண்டு விசைகளை அமுக்கினால் கட்டம் மாறும், அல்லது நாம் எழுதிவைத்த வேலை நடக்கும். எந்த விசைக்கு எந்த வேலை என்பதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதியவன் நான்.

மூன்று வருடம் எழுதினேன். ஒவ்வொரு விசையும் என் விரலுக்குத் தைத்த சட்டை. வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் கீபோர்டு அவர்களை மதிக்காது. ப்ளஸ் டூவில் இரண்டு முறை கோட்டைவிட்ட செலியமேட்டுக்காரனுக்கு, தான் இல்லாமல் ஓடாத ஒரு பொருள் உலகத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. கம்ப்ரசருக்கு விடுமுறை உண்டு, எனக்குக் கிடையாது என்று எல்லாரிடமும் அலுத்துக்கொள்வேன். அலுத்துக்கொள்வதில்தான் சுகம்.

போன தை மாதம் தமீம் அன்சாரி பாய் வேலைக்கு வந்தார். வில்லியனூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து மூடியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“இன்னா புகழு, கல்யாணப் பொண்ணாட்டம் இதுக்கு இவ்ளோ ஜோடிச்சு வெச்சிருக்க? தொட்டாலே சிணுங்குது.”

“பழகணும் பாய்.”

“பழகிடலாம்டா. வூட்ல மூணு பொண்ணுங்க. அதுங்களையே சமாளிக்கறேன், இது இன்னா.”

பத்தே நாளில் பழகிவிட்டார். அதோடு விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உருண்டையான எழுத்தில் எல்லாவற்றையும் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். எஸ்: வால்வு எல்லாம் மூடும், ஃபேன் ஓடும். ஆர்: திரையைத் துடைத்துப் புதிதாகக் காட்டும். எதை அமுக்கினாலும் திரை ஒருமுறை சிமிட்டும், பயப்பட வேண்டாம் என்றுகூட எழுதியிருந்தார். நல்ல மனிதர்.

எங்கள் முதலாளி கண்ணையன் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். “அப்பாடா. இனிமே யார் வேணா ஓட்டலாம்பா. புகழு, நீ இந்த வருசமாச்சும் வீராம்பட்டினம் தேரப் பாரு.”

அன்பாகத்தான் சொன்னார். ‘யார் வேணா’ என்பதை மட்டும் என்னால் முழுங்க முடியவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை காலையில், தேருக்குக் கிளம்புவதற்கு முன் அந்த ஃபைலில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினேன். எஸ் செய்ததை ஆர் செய்யும், ஆர் செய்ததை எஸ் செய்யும். அவ்வளவுதான். சின்னதாக ஏதாவது கோளாறு வரும், பாய் எஸ் அமுக்குவார், ஒன்றும் நடக்காது, என்னைக் கூப்பிடுவார், நான் தேரடியில் நின்றபடி சரிசெய்வேன், முதலாளி காதுக்கும் அது போகும். மூன்று நாளாக ஒரு வால்வின் பக்கம் லேசாக நெடி அடித்ததும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாயா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பத்தே முக்காலுக்கு அந்த வால்வு பிடிவிட்டு அமோனியா பீறிட்டது. உள்ளே ஐஸ் பாளம் தள்ளிக்கொண்டிருந்தவர் காசம்மாள். பாய் எஸ் அமுக்கினார். திரை ஒருமுறை சிமிட்டியது. மூடிவிட்டது என்று நம்பினார். மூடிய பிறகும் எண் இறங்க ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அது உண்மையும்கூட. இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். பிறகு கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

“வால்வு மூடியாச்சும்மா, பயப்படாத, வா” என்று சொன்னாராம். காசம்மாள் ஆஸ்பத்திரியில் சொன்னது. அவரைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார். தான் உயிரோடு வெளியே வரவில்லை.

ஆபரேட்டர் தவறான விசையை அமுக்கியதால் விபத்து என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். பாயின் மனைவி ஜெஸிமா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். “அவரு தப்பா அமுத்தற ஆளா தம்பி? நீயே சொல்லு.” இல்லை அக்கா, சரியாகத்தான் அமுக்கினார் என்று சொன்னேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

டீமக்ஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். ஒரே திரையை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்க்கலாம், இரண்டு பேரும் இயக்கலாம். வால்வு பிடிவிடுவதற்கு முன்பே, பத்து நாற்பத்திரண்டிலிருந்து, என் செல்போனில் அந்தத் திரை திறந்திருந்தது. தேர் நகர்ந்துகொண்டிருந்தது, ஜனங்கள் என்னை முட்டித் தள்ளினார்கள், ஒரு கையால் போனைப் பொத்திப் பிடித்திருந்தேன். எண் நூற்றிருபது. திரை சிமிட்டியது. அறுநூறு. மறுபடி சிமிட்டியது. பாயின் பெயர் மேலே வந்து ஒளிர்ந்து போனது, இரண்டு முறை. என் கட்டைவிரல் ஆர் மேல்தான் இருந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டால் எடுத்துப் பேசிவிட்டு அமுக்கலாம் என்று வைத்திருந்தேன். கூப்பிடாமலேயே சரியாகிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் அல்லவா.

பத்து ஐம்பத்தொன்றுக்கு அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே எல்லா வால்வும் மூடின. அப்போது எண் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதையெல்லாம் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, சார். பாய் இன்னும் ஒரே ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம்.