அவர் பெயர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மெஷினுகிட்ட என்னக்கா வெக்கம்?” என்றாள் இளையவள்.

“வெக்கம் இல்லடி. புருசன் பேரச் சொன்னா அவுரு ஆயுசு கொறையும்னு சொல்லி வளத்தாங்க. முன்னல்லாம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டா ஒரு பொண்ணு எடுக்கும். ‘வூட்டுக்காரருக்குத்தானம்மா’ன்னு அதுவே டோக்கன் போட்டுடும். அந்தப் பொண்ண நிறுத்திட்டாங்க. இப்ப கம்ப்யூட்டருதான் பேசுது. நோயாளி பேரச் சொல்லுங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டுது. அவுரு பேரச் சொல்ல பக்கத்துல யாருமில்ல. என் பேரச் சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“போனா, டோக்கன் எனக்குத்தான் இருக்குது. அவுருக்கு அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. ‘வா போவலாம், மூச்சு ஒண்ணும் ஜாஸ்தியா வாங்கல’ன்னு அவுரே கூட்டியாந்துட்டாரு. அடுத்த வாரத்துக்கு அவுரு இல்ல.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது.

“நேத்து சாவு சர்டிபிகேட்டுக்குப் போனேன். அங்க மனுசன்தான் ஒக்காந்திருந்தாரு. அந்த ஆளு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சத்தமா சொல்லிட்டேன், தேவராசுன்னு.”