மீன்பிடிக்குப் போன பாலம்

தலவாக்கலையில் ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தோட்டத் தலைவர் பத்திரிகையை மடித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம தோட்டத்துப் பாலம் மீன்பிடிக்குப் போயிருச்சு அக்கா.”

பக்கத்திலிருந்த பெண் திரும்பினாள். “என்ன தலைவரே சொல்றீங்க?”

“பாலம் கட்டித் தாறேன்னு சொன்ன மந்திரிய மீன்பிடி அமைச்சுக்கு மாத்திட்டாங்க. மனுவெல்லாம் அவர் பேருக்குத்தான் எழுதியிருக்கு.”

அவர் கையில் மனு இருந்தது. லயத்து வீடுகளில் எல்லோரும் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

“இதுக்கா மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு, நீ கொழுந்துக்குப் போ, நீ புல்லுவெட்டப் போன்னு நம்மள அனுப்புறாங்கல்ல? அங்க பிரதம மந்திரி பெரட்டு வச்சிருக்காரு.”

“மழை வந்தா புள்ளைங்க ஆத்தத் தாண்டி எப்படிப் பள்ளிக்கூடம் போகும்?”

“பேரை மட்டும் மாத்திப் புது ஆளுக்குப் போடுங்க. அவரு நேத்து வரைக்கும் எதுல இருந்தாரு?”

“சுகாதாரத்துல. ஆஸ்பத்திரி கேட்டு எழுதின மனு அவருகிட்டத்தான் கெடக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். தலைவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்:

“பழையவருக்கும் ஒண்ணு எழுதிருங்க தலைவரே. நம்ம பக்கம் நல்ல கருவாடா அனுப்பச் சொல்லி. அடுத்த பெரட்டுக்குள்ள மனு போய்ச் சேரணும்.”